படப்பெட்டியும் மலைவாசியின் பயமும்

(ஏற்காட்டில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேசப்போவது போட்டோ படத்தைப் பற்றி என்று தெரிந்ததும், "கடவுளையும் மதத்தையும் ஜாதியையும் பற்றிப் பேசுகின்றவர்களுக்குப் போட்டோவில் என்ன வேலை?" என்று தோழர்கள் சிலர் நம்மைக் கேட்டார்கள். கேட்டது நியாயமே. ஆனால் மனிதனை மனிதன் தாழ்வாய் நினைப்பது எந்த ரூபத்தில் வந்தாலும் அது நம்முடைய வேலைக்குள் சேர்ந்ததுதான். கோயில் வாசலில் நின்று "எட்டிப் போ" என்று சொல்லுவதிலும் அது இருக்கலாம். ஒரு பெட்டியை மூன்று காலில் நிறுத்தி "இங்கே நில்" என்று சொல்லுவதிலும் அது இருக்கலாம்.

நேற்று மாலை மலை ஏறி வரும்போது நாம் ஒரு காட்சியைப் பார்த்தோம். காபித் தோட்டத்தில் வேலையை முடித்துவிட்டு, தலையில் விறகுச் சுமையுடன் ஒரு அம்மாள் பாதையோரம் நடந்து வந்தார். காரில் வந்த ஒருவர் இறங்கி, கைப்பேசியை நீட்டி, ஒரு வார்த்தையும் கேளாமல் படம் பிடித்தார். அந்த அம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு வேகமாய்ப் போய்விட்டார். "இந்த ஜனங்களுக்குப் போட்டோ என்றால் இன்னும் பயம்" என்று படம் பிடித்தவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் இதே மலையில், இதே சிரிப்பு, சுமார் 120 வருஷத்துக்கு முன்பே ஒருமுறை சிரிக்கப்பட்டு, அது புத்தகத்திலும் அச்சாகி இருக்கின்றது.

அது என்னவென்று சொல்லுகின்றோம். சென்னை சர்க்கார் மியூசியத்துக்கு 1885 முதல் மேலதிகாரியாக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். கே. ரங்காச்சாரியின் உதவியோடு இவர் எழுதிய "தென்னிந்திய ஜாதிகளும் குலங்களும்" என்ற இங்கிலீஷ் புத்தகம் 1909இல் 7 பாகங்களாக வெளிவந்தது. அவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் சேர்வராயன் மலைக்கு வந்து, இங்குள்ள மலையாளி ஜனங்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். கிராமங்களைப் போட்டோ பிடித்தார். (வெளியூர்த் தோழர்கள் தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த மலையாளிகள் மலையாள பாஷை பேசும் கேரளத்தார் அல்ல. மலையில் வாழ்கின்றவர்கள் என்கின்ற பொருளில் அப்பெயர் கொண்ட, தமிழ் பேசுகின்ற மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் சந்ததியார் என்பது இவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை.)

தர்ஸ்டன் எழுதி வைத்திருப்பதன் கருத்து இதுதான்: இந்த ஜனங்கள் அளவுக்கு மீறிய சந்தேகமும் மூடநம்பிக்கையும் உள்ளவர்கள். இவரை செட்டில்மெண்டு அதிகாரி என்று நினைத்து, சர்க்கார் பேரால் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு தங்களை அந்தமானுக்குக் கப்பலேற்ற வந்திருப்பதாகப் பயந்தார்கள். ஒரு பாவமும் அறியாத காரியமாக இவர் ஒரு கிராமத்தைப் போட்டோ பிடித்துக்கொண்டிருந்தபோது, போட்டோப் பெட்டியைச் சர்வே கருவி என்று நினைத்து ஆட்சேபித்தார்கள். பித்தளை நகைகளை விற்க இசைந்தவர்கள் பொன், வெள்ளி நகைகளைக் காட்ட மறுத்தார்கள். காட்டினால் தாங்கள் வசதியாய் இருப்பதற்கு அது சாட்சியாகிவிடுமாம். ஒருவர், அளக்கவிடுவதைவிடக் கழுத்தை அறுத்துக்கொள்வேன் என்று நேரிலேயே சொல்லிவிட்டு ஓடிப்போனார். பெண்கள் கிட்டவே வரவில்லை. கண்ணேறு பட்டு நோய் வரும் என்று குழந்தைகளையும் கொண்டுவரவில்லை.

இதைப் படிக்கின்ற நம்மவர்களில் படித்தவர்கள் உடனே என்ன நினைக்கின்றார்கள்? "பாவம், அறியாத ஜனங்கள், பகுத்தறிவு இல்லாதவர்கள்" என்றுதான் நினைக்கின்றார்கள். பகுத்தறிவுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாமும் அப்படியே நினைத்துவிடலாம். அதனால்தான் இதை இங்கே எடுத்துக்கொண்டோம். இதில் இரண்டு பயங்கள் ஒன்றாய்க் கலந்திருக்கின்றன. ஒன்று கண்ணேறு பயம். மற்றொன்று நிலம் போய்விடும் என்கின்ற பயம். இரண்டையும் ஒரே மூட்டையாய்க் கட்டி "மூடநம்பிக்கை" என்று முத்திரை போடுவது யோக்கியமா என்பதுதான் நம்முடைய கேள்வி.

முதலில் கண்ணேறு சமாசாரத்தைப் பார்ப்போம். இந்த விஷயத்தில் நாம் மலைவாசிகளுக்குத் தயவு காட்டப்போவதில்லை. கீழ் நாட்டார்களுக்கும் காட்டப்போவதில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும், கர்ப்பிணியைப் படம் பிடிக்கக்கூடாது, மூன்று பேராய் நின்று படம் எடுத்தால் நடுவிலிருப்பவருக்கு ஆபத்து என்பவை மலைமேல் பிறந்தவையல்ல. பட்டணத்தில் பரீட்சை தேறியவர்கள் வீடுகளிலும் இவை குடியிருந்தன. இவைகளுக்குப் பதில், போட்டோ என்பது என்ன என்று தெரிந்துகொள்வதுதான்.

போட்டோவில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை. வெள்ளியிலிருந்து செய்த சில உப்புகள் வெளிச்சம் பட்டால் கறுக்கும். பொருளின்மேல் பட்டுத் திரும்புகின்ற வெளிச்சம் கண்ணாடி வில்லை வழியாய்ப் பெட்டிக்குள் விழுந்து அந்த உப்பைக் கறுக்க வைக்கின்றது. மனிதனிடமிருந்து எதுவும் எடுக்கப்படுவதில்லை. நம்மைப் பார்க்கின்ற ஒவ்வொருவர் கண்ணிலும் விழுகின்ற வெளிச்சம்தான் பெட்டியிலும் விழுகின்றது. பத்துப்பேர் பார்ப்பதால் ஆயுசு குறையாதென்றால் பெட்டி பார்ப்பதாலும் குறையாது.

இந்த வித்தை 1839இல் பிரான்சிலும் இங்கிலாந்திலும் வெளியிடப்பட்டது. அடுத்த சில வருஷங்களிலேயே கப்பல் வழியாய் இந்தியாவின் கடற்கரைப் பட்டணங்களுக்கு வந்துவிட்டது. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் நம் கடலோர மக்கள் அலையில் உயிரைப் பணயம் வைத்துத்தான் எல்லாச் சாமான்களையும் கரை சேர்த்தார்கள். சீமையிலிருந்து வந்த கண்ணாடித் தகடும், மருந்துப் புட்டியும், பித்தளைக் குழாயும் இப்படித்தான் கரைக்கு வந்தன. இன்று பழைய சென்னைப் படங்களைப் பார்த்து அதிசயப்படுகின்றவர்கள் படம் பிடித்த துரையின் பெயரைச் சொல்லுகின்றார்கள். அந்தப் பெட்டியை அலையிலிருந்து தூக்கி வந்தவனுக்குப் பெயரே இல்லை.

1851இல் வந்த ஈரத் தகட்டு முறையில் எவ்வளவு பாடு என்று கேளுங்கள். பஞ்சைத் திராவகத்தில் ஊறவைத்து, அதை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்து, கண்ணாடியில் பூச வேண்டும். பிறகு அதை வெள்ளி நீரில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, உடனே இருட்டில் கழுவ வேண்டும். சுமார் 10 நிமிஷத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்; நம் வெயிலுக்கு அதுவும் கிடைக்காது. ஆகவே படம் பிடிக்கின்றவர் போகுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும், கண்ணாடிப் பெட்டியும், மருந்தும், தண்ணீரும் கூடவே போக வேண்டும். சுமார் 5,000 அடி உயரமுள்ள இந்த ஏற்காட்டுக்கு மோட்டார் இல்லாத அக்காலத்தில் இவையெல்லாம் எப்படி வந்திருக்கும்? மனிதன் தலையிலும் தோளிலும்தான்.

இன்னொரு வேடிக்கையும் சொல்லவேண்டும். 1850இல் தொடங்கி அந்த நூற்றாண்டு முடியும் வரை படம் அச்சிட்ட காகிதத்தின்மேல் பூசப்பட்டது என்ன தெரியுமா? கோழிமுட்டையின் வெள்ளைக்கரு. ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டன் நகரத்துக் காகிதத் தொழிற்சாலையொன்று மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 60,000 முட்டை உடைத்தது என்று சொல்லப்படுகின்றது. பிறகு வந்த உலர்ந்த தகட்டிலும் பிலிமிலும் பூசப்பட்டதோ ஜெலட்டின் என்ற பசை. அது மாடு முதலிய பிராணிகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுக்கப்படுவது. முட்டை என்று சொன்னாலே மூக்கைப் பிடித்துக்கொண்ட வைதீகர்கள், முட்டை பூசிய காகிதத்தில் மடாதிபதிகளின் படத்தைப் போட்டுப் பூஜை அறையில் மாட்டி, சாம்பிராணி போட்டுக் கும்பிட்டார்கள். மாட்டு எலும்புப் பசையில் பதிந்த சாமி படத்துக்குச் சூடம் காட்டினார்கள். தீட்டு எங்கே போயிற்று? சேரியில் பிறந்த மனிதன் தொட்டால் ஒட்டுகின்ற தீட்டு, மாட்டு எலும்பு தொட்டால் ஒட்டவில்லையா? மனிதனைத் தாழ்த்துவதற்கு மாத்திரம் தீட்டே தவிர, தனக்கு வேண்டிய சாமானுக்குத் தீட்டில்லை என்பதுதானே இதன் அர்த்தம்?

நிற்க, பெட்டிக்கு ஜாதி தெரியாது என்பது உண்மை. பார்ப்பனர் முகத்தில் பட்ட வெளிச்சமும் ஆதித்திராவிடர் முகத்தில் பட்ட வெளிச்சமும் வெள்ளி உப்பை ஒரே மாதிரிதான் கறுக்க வைக்கும். ஆனால் பெட்டிக்குப் பின்னால் நின்ற மனிதனுக்கும், அவனுக்குச் சம்பளம் கொடுத்த சர்க்காருக்கும், அவனுக்கு வழிவிட்ட கோயில்காரர்களுக்கும் ஜாதி நன்றாய்த் தெரியும்.

உதாரணம் பாருங்கள். 1856இல் சென்னையில் போட்டோ சங்கம் ஏற்பட்டது. 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் ஏற்படுத்திய தொழிற்கலைப் பள்ளியிலும் இந்த வித்தை கற்பிக்கப்பட்டது. அதே 1856இல் லின்னேயஸ் டிரைப் என்ற பட்டாள கேப்டனைச் சென்னை சர்க்கார் தன் போட்டோக்காரராக நியமித்தது. அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, நம் சேலம் ஜில்லா வழியாய் திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். 1858இல் வெளியான அவருடைய படத்தொகுதிகளில் ஒன்று, ராயக்கோட்டை முதலிய சேலம் ஜில்லா இடங்களைப் பற்றியது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் உள்ள கல்வெட்டை 21 படமாய்ப் பிடித்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அது பெரிய வேலைதான். வேலையின் பெருமையை நாம் மறுக்கவில்லை. அவரிடம் உதவியாளராயிருந்த ஐயாசாமி என்ற நம்மவரும் பிறகு தாமே படம் பிடித்தார். 1860இல் கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், இது வீண் செலவு என்று அந்த இலாகாவே மூடப்பட்டது.

இந்த டிரைப் 1858இல் மதுரை மீனாட்சி கோயிலின் மண்டபங்களைப் படம் பிடித்தார். சாமி நகைகளைக்கூட எடுத்து வைத்துக் காட்டினார்கள், அதையும் பிடித்தார். படம் சீமைக்குப் போயிற்று. லண்டனில் உட்கார்ந்திருந்தவன் மீனாட்சி கோயில் தூண்களையும் நகைகளையும் பார்த்துவிட்டான். ஆனால் அதே மதுரையில், அடுத்த தெருவில் பிறந்த ஆதித்திராவிடரும் நாடாரும் அந்தக் கோயிலுக்குள் கால் வைக்க 1939ஆம் வருஷம் ஜூலை 8ஆம் தேதி வரை, அதாவது அதற்குப் பிறகும் 81 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. மிலேச்சன் என்று இவர்கள் வைதவனுடைய பெட்டிக்கு வழி உண்டு. கோயில் கட்டக் கல் சுமந்தவனுடைய பேரனுக்கு வழியில்லை. சாமியைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. பார்க்கக்கூடாது என்று சொல்ல இவர்களுக்கு என்ன யோக்கியதை என்றுதான் கேட்கின்றோம்.

டிரைப்புக்குப் பிறகு கட்டடத்தை விட்டுவிட்டு மனிதனைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். 1868 முதல் 1875 வரை "இந்திய மக்கள்" என்று 8 பாகங்களாய் ஒரு படப் புத்தகத்தை இந்திய சர்க்கார் லண்டனில் வெளியிட்டது. அதில் ராஜாக்கள், பிரபுக்கள் சிலருக்கு மாத்திரம் சொந்தப் பெயர். மற்றவர்கள் படத்துக்கடியில் இன்ன ஜாதி, இன்ன குலம் என்றுதான் இருக்கும். தாய் தகப்பன் வைத்த பெயர் போய்விட்டது. மனு வைத்த பெயர் மாத்திரம் நின்றது! வருணாசிரமத்தை ஓலையில் எழுதிவைத்தவர்களுக்கு, அதையே வெள்ளி உப்பில் எழுதிக்கொடுத்தது வெள்ளைக்கார சர்க்கார்.

மூக்களவு சமாசாரமும் இதுதான். மூக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு கீழ்ஜாதி என்று வங்காளத்தில் ரிஸ்லி என்ற அதிகாரி 1891இல் எழுதினார். அந்தக் காலத்தில்தான் தர்ஸ்டனும் ஊரூராய்ப் போய் மூக்கை அளந்தார். மூக்கை அளந்து மனிதன் உயர்வு தாழ்வு சொல்லுவது வெறும் பைத்தியக்காரத்தனம் என்று இன்றைய விஞ்ஞானம் அதைக் குப்பையில் போட்டுவிட்டது. இப்போது சொல்லுங்கள்: அளக்கமாட்டேன் என்று ஓடிப்போன மலையாளி மூடனா? அளந்துகொண்டு நின்றவர் மூடரா?

பஞ்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் அடிபட்ட ஜில்லாக்களில் நம் சேலமும் ஒன்று. 1871 ஜனக்கணக்கில் 19½ லட்சத்துக்கு மேல் இருந்த ஜில்லா, 1881 கணக்கில் சுமார் 16 லட்சமாய்க் குறைந்துவிட்டது. அந்தப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மனிதர்களைக் கூட்டங்கூட்டமாய் உட்கார வைத்து ஹூப்பர் என்ற பட்டாள அதிகாரி படம் பிடித்தார். அந்தப் படங்களால் சீமையிலுள்ளவர்களுக்கு இங்குள்ள கொடுமை தெரிந்தது என்பது வாஸ்தவம். ஆனால் சாகப்போகின்றவனை ஒழுங்காய் உட்கார வைத்துப் படம் பிடிக்கத் தோன்றிய மனம் எப்படிப்பட்டது என்று அந்த நாளிலேயே கண்டனம் எழுந்தது. அந்தப் படங்களில் ஒருவருக்காவது பெயர் எழுதப்படவில்லை. பசிக்கிறவனுக்குப் பெயர் எதற்கு என்று நினைத்தார்கள் போலும்!

இப்போது நம் மலைக்குத் திரும்புவோம். "போட்டோப் பெட்டியைச் சர்வே கருவி என்று நினைத்தார்கள்" என்பது அல்லவா மலையாளிகள்மேல் சாட்டப்பட்ட பெரிய மூடத்தனம்? அவர்கள் ஏன் அப்படி நினைத்தார்கள்?

அவர்களுடைய அனுபவத்தைப் பாருங்கள். நிலத்தை அளந்து குடியானவனிடம் நேரில் வரி வாங்கும் ராயத்துவாரி முறை முளைத்த இடமே இந்தச் சேலம், பாரமகால் சீமைதான். 1792இல் கேப்டன் ரீடும் அவருக்குக் கீழிருந்த மன்றோவும் அதை இங்கே ஆரம்பித்தார்கள். சங்கிலி வந்தது; பின்னாலேயே வரி வந்தது. பிறகு 1802இல் லாம்டன் சென்னையில் பெரிய சர்வேயை ஆரம்பித்துத் தெற்கே வந்தார். 1808இல் தஞ்சைக் கோயில்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய பெரிய கருவி அடிபட்டதும் உண்டு. கலெக்டர் காக்பர்ன் 1820ஆம் வருஷத்தை ஒட்டி இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தார். பிறகு துரைமார்களின் தோட்டங்கள் பெருகின. தினையும் கேழ்வரகும் விளைத்துக்கொண்டு யாருக்கும் கைகட்டாமல் இருந்தவர்கள், தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகவேண்டியதாயிற்று. 1882இல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. பாட்டன் காலத்தில் விறகு வெட்டின காடும், மாடு மேய்த்த காடும், புனம் போட்ட காடும் 'ரிசர்வ்' என்று எல்லைக்கல் நட்ட காடாயிற்று.

இவ்வளவுக்கும் முன்னால் வந்தது எது? மூன்று கால் உள்ள ஒரு கருவி, அதன் உச்சியில் பித்தளைக் குழாய், கண்ணாடி வில்லை, அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்க்கின்ற துரை, பக்கத்தில் எழுதுகின்ற குமாஸ்தா, சுமக்கின்ற கூலிகள். சரி, போட்டோ பிடிக்க வந்தவர் கொண்டுவந்தது எது? அதே மூன்று கால், அதே பித்தளை, அதே வில்லை, அதே துரை, அதே கூலி! ஒருமுறை பாம்பு கடித்தவன் இருட்டில் கிடக்கின்ற கயிற்றுக்குப் பயந்தால் அதை மூடநம்பிக்கை என்று சொல்லுவதா? கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பதுதானே பகுத்தறிவு? மலையாளி செய்தது அதுதானே?

இதோடு நிற்கவில்லை தோழர்களே. மலையாளி தப்பாய் நினைத்தான் என்றார்களே, அதுவும் தப்பல்ல. போட்டோப் பெட்டி உண்மையிலேயே சர்வே கருவியாகவும் ஆகியிருந்தது. பிரான்சில் லோசெடா என்ற பட்டாள என்ஜினியர் 1850ஆம் வருஷத்துக்குப் பிறகு போட்டோ படத்திலிருந்து பூமியை அளந்து வரைபடம் போடும் முறையைக் கண்டுபிடித்தார். சர்வே கருவியையும் போட்டோப் பெட்டியையும் ஒன்றாய்ச் சேர்த்துச் செய்து, 1867இல் பாரிஸ் பொருட்காட்சியில் வைத்தார். கனடா தேசத்தில் டெவீல் என்ற சர்வே மேலதிகாரி 1880ஐ அடுத்த வருஷங்களில் ராக்கி மலைகளை இந்த முறையிலேயே அளக்கச் செய்தார். ஆகவே தர்ஸ்டன் ஏற்காட்டுக்கு வருவதற்கு முன்பே உலகத்தின் வேறு மூலையில் மலைகளைப் போட்டோ பெட்டியால் அளந்துகொண்டிருந்தார்கள். எழுத்தறியாத மலையாளி தன் புத்தியால் கண்டதை, மியூசியத்து மேலதிகாரி மூடத்தனம் என்று எழுதினார். அதைப் படித்து நாமும் தலையாட்டினோம்.

அன்று தர்ஸ்டன் நிலம் பிடுங்க வரவில்லை என்பது உண்மையே. ஆனால் அதை அவர்களுக்கு யார் விளங்கச் சொன்னார்கள்? சொன்னாலும் நம்புவதற்கு அவர்களுக்கு என்ன ஆதாரம் இருந்தது? துரை, சர்க்கார் மனிதர். பிடித்த படம் சர்க்கார் மியூசியத்துக்குப் போகும். நகையைக் காட்டினால் வசதிக்கு அது சாட்சியாகும் என்று அவர்கள் எண்ணியது, வரி கொடுத்துத் தேய்ந்தவனுடைய எண்ணம். இது பயமல்ல, கணக்கு.

ஆகவே நாம் சொல்லுவது இது: கண்ணேறு என்கின்ற பயம் ஆதாரமில்லாதது, அதை விட்டுத்தொலைக்க வேண்டும். ஆனால் அதிகாரத்தைக் கண்டு சந்தேகப்படுவது ஆதாரமுள்ளது; அதை விடவேண்டியதில்லை. ஏழை எதைச் சொன்னாலும் மூடநம்பிக்கை, துரை எதைச் செய்தாலும் விஞ்ஞானம் என்று நம்புவதும் ஒரு மூடநம்பிக்கைதான். இதுவே படித்தவர்களின் மூடநம்பிக்கை. பார்ப்பனர் சொன்னால் வேதம் என்று நம்பினதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

போட்டோ பொய் சொல்லாது என்று நம்புவதும் இதைச் சேர்ந்ததே. அந்தக் காலத்துத் தகடுகளுக்கு நீல நிறம்தான் நன்றாய்த் தெரியும்; சிவப்பும் பழுப்பும் தெரியாது. ஆதலால் வானம் வெள்ளையாய் வெளுத்தது. நம்முடைய மாநிற முகங்கள் உள்ளதைவிடக் கறுத்து விழுந்தன. அதைப் பார்த்து, இவர்கள் இவ்வளவு கறுப்பு என்று சீமையில் எண்ணிக்கொண்டார்கள். டிரைப் வானம் வெறுமையாயிருப்பதைப் பார்த்துத் தகட்டுக்குப் பதிலாய்த் தாம் உபயோகித்த காகிதத்தில் மேகத்தைக் கையால் தீட்டினார். அமெரிக்காவில் மம்லர் என்பவர் செத்தவர்களின் ஆவியைப் படம் பிடிப்பதாகச் சொல்லிப் பணம் பறித்தார். 1869இல் நியூயார்க் கோர்ட்டில் கேசு நடந்தது. சாட்சி போதாமல் விடுதலையும் ஆனார். இன்றைக்கோ கேட்க வேண்டியதில்லை. இல்லாத மனிதனை இருப்பதாகவும், சொல்லாத வார்த்தையைச் சொன்னதாகவும் இயந்திரமே படம் செய்து கொடுக்கின்றது. சாமி கண் திறந்தது, சிலை பால் குடித்தது என்று கைப்பேசியில் வருகின்ற படத்தை, "போட்டோவிலேயே இருக்கின்றதே" என்று நம்புகின்றவர்களைவிட, பெட்டியைக் கண்டு சந்தேகப்பட்ட மலையாளி எவ்வளவோ மேல்.

இன்று போட்டோப் பெட்டி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. இன்ன இடம், இன்ன நேரம் என்று இடக்குறிப்போடு படம் பதிகின்றது. சர்க்கார் கட்டிக்கொடுக்கும் வீட்டுக்கும், நூறு நாள் வேலைக்கும் அப்படிப் படம் பிடித்து அனுப்பினார்கள். வானத்தில் பறக்கின்ற கருவி படம் பிடித்து நிலத்தை அளக்கின்றது. பெட்டிதான் சர்வே கருவி என்று அன்று சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இன்று இருந்தால் என்ன சொல்லுவார்கள்? கருவியின்மேல் குற்றமில்லை. காடு தன்னுடையது என்று நிரூபிக்க, 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுகின்ற மலைவாசிக்கும் படமும் வரைபடமும் உதவும். கருவி யார் கையில், யார் நன்மைக்கு, யாரைக் கேட்டு என்பதுதான் கேள்வி.

கடைசியாக, சுயமரியாதைக்காரர்கள் என்ற முறையில் நாம் செய்யக்கூடியது சில உண்டு. ஒருவரைப் படம் பிடிப்பதற்கு முன் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் பெட்டியைக் கீழே இறக்குங்கள். பிடித்தால் பெயரைக் கேட்டு எழுதுங்கள், ஜாதியைக் கேட்காதீர்கள். பிடித்த படத்தில் ஒன்றை அவருக்கும் கொடுங்கள். பத்திரிகையில் போடுகின்றவர்கள் "மலைவாசிப் பெண்", "தோட்டக் கூலி" என்று போடாமல் அவருடைய பெயரைப் போடுங்கள். மலையாளி இளைஞர்களே, நீங்களே பெட்டியைக் கையில் எடுத்து உங்கள் ஊரையும், வயலையும், முதியவர்களையும் படம் பிடித்து வையுங்கள். பிறர் எழுதின புத்தகத்தில் உங்களைத் தேடிக்கொண்டிராதீர்கள்.

1944இல் இந்த மலையடிவாரத்துச் சேலத்தில் நம் இயக்கத்தார் கூடித் திராவிடர் கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டபோது, பிறர் நமக்கு இட்ட இழிபெயர் வேண்டாம், நம் பெயரை நாமே வைத்துக்கொள்வோம் என்பதுதான் அதன் கருத்து. படத்துக்கடியில் எழுதுகின்ற பெயருக்கும் அதே நியாயம்தான்.

நேற்று அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மறைத்தது பயத்தினால் என்று நாம் நினைக்கவில்லை. கேட்காமல் எடுக்காதே என்று அவர் வாயால் சொல்லாமல் கையால் சொன்னார். அது தெரியாமல் சிரித்தவருக்குத்தான் படிப்பு வேண்டும். இதை உங்கள் யோசனைக்கு விட்டு முடித்துக்கொள்கின்றோம்.